வறண்ட சீமைக்குப் பெரிய பாசனத் திட்டம்: கடைமடைக்காரனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்குன்றத்தில் குடியிருக்கிறேன். பாசனக் கால்வாய்களுக்கு மட்டம் எடுப்பதும் வரைபடம் போடுவதுமாகவே வேலைக்காலம் ஓடிப்போனது. வியாசர்பாடியில் மளிகைக் கடை வைத்திருக்கும் முதுகுளத்தூர் அண்ணாச்சியும் செமினாருக்குக் குறிப்பு கேட்டு வரும் கல்லூரிப் பிள்ளைகளும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் வலித்துப்போய் எழுதி வைத்தது இது.

வட சென்னையில் இருந்துகொண்டு பாசனத் திட்டத்தைப் பற்றி எதற்குப் பேச வேண்டும்?

மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் போனால் இன்னும் நெல் நிற்கிறது. அதை விடுங்கள். புழல் ஏரிக்கு வரும் கிருஷ்ணா தண்ணீரே ஒரு பாசனத் திட்டத்தின் வால்தான். தெலுங்கு கங்கை என்று பெயர். ஸ்ரீசைலத்தில் புறப்பட்டு, போத்திரெட்டிப்பாடு மதகு வழியாக வெலுகோடு, பிரம்மங்காரி மடம், சோமசிலா, கண்டலேறு என்று ஒவ்வொரு நீர்த்தேக்கமாக இறங்கி, 400 கிலோமீட்டருக்கு மேல் நடந்து பூண்டிக்கு வருகிறது. அங்கிருந்து சோழவரம், புழல். வழியில் கர்னூல், கடப்பா, நெல்லூர், சித்தூர் மாவட்டங்களில் 5.75 லட்சம் ஏக்கர் காய்ந்த நிலத்துக்குப் பாய்ச்சுவது அந்தத் திட்டத்தின் பெரிய பாதி. நமக்கு ஒதுக்கியது 12 டிஎம்சி (இந்த அளவு என்னவென்று கீழே சொல்கிறேன்). மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தலைக்கு 5 டிஎம்சி கொடுத்து, 15-இல் ஆவியாகிப் போவது 3 என்று கழித்து வந்த கணக்கு அது. பல ஆண்டுகளில் அதில் பாதிகூட எல்லையைத் தொடவில்லை.

ஆக, ஆந்திரத்தின் வறண்ட ராயலசீமைக்குக் கடைமடை, அதாவது கால்வாயின் கடைசி முனை, நாம்தான்.

ஒரு முறை ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் தாமரைக்குப்பம் ஜீரோ பாயின்ட்டில், அதாவது கால்வாய் தமிழக எல்லையைத் தொடும் இடத்தில், தண்ணீர் வந்து சேர்வதை நின்று பார்த்தேன். மதகைத் திறந்துவிட்டு நாலைந்து நாளாகியிருந்தது. வெள்ளம் மாதிரி வரும் என்று நினைத்துப் போனவனுக்கு ஏமாற்றம். கால்வாய்த் தரையில் ஒரு கை அகல நாக்கு போல முதலில் நீண்டது. முன்னால் சருகு, ஆட்டுப் புழுக்கை, ஒற்றைச் செருப்பு, கொஞ்சம் நுரை. தரையில் ஒரு வெடிப்பைக் கண்டதும் நின்று, அது குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு மறுபடி நகர்ந்தது. அளவுகோல் பக்கத்தில் நின்ற ஊழியர் சொன்னார்: "மொத ரெண்டு நாள் தண்ணி நமக்கில்ல சார், கால்வாய்க்கு." திட்டம் தீட்டுகிறவர் எவரும் அந்த வாக்கியத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

திட்டம் போடும்போது முதலில் அணைக்குத்தானே இடம் பார்ப்பார்கள்?

பார்ப்பார்கள். அங்கேதான் கோளாறு ஆரம்பிக்கிறது.

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வரும் நேரம் முனை வீடுகளில் எல்லாம் மோட்டார் உறுமும். கடைசி வீட்டு அம்மா அடி பம்பை அடித்தால் புஸ்ஸென்று காற்று வரும். தெருவுக்கு எவ்வளவு தண்ணீர் விட்டார்கள் என்று கேட்டால் போதுமான அளவு என்பார்கள், பொய்யும் இல்லை. கால்வாயும் இதே தெருதான், நீளம் மட்டும் 200 கிலோமீட்டர். தலைமடைக்காரர் கரும்பு போடுவார். கடைமடைக்காரர் வரி ரசீதை மட்டும் வைத்திருப்பார்.

அதனால் நான் கணக்கைக் கடைசி வயலில் இருந்து தொடங்கச் சொல்வேன். அந்த வயலின் தரைமட்டம் என்ன? அதில் நிற்க வேண்டிய தண்ணீரின் உயரத்தைக் கூட்டு. மடையில் விழும் இழப்பைக் கூட்டு. கிளை வாய்க்கால் சரிவைக் கூட்டு. தலைமைக் கால்வாய்க்குக் கிலோமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சரிவு என்று வைத்தால் 200 கிலோமீட்டருக்கு 20 மீட்டர். இப்படிக் கூட்டிக்கொண்டே மேலே ஏறினால் அணையின் மதகு எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று தானாக வந்து நிற்கும். அந்த உயரத்தில் ஆறு இல்லை என்றால் ஒன்று ஆயக்கட்டை, அதாவது தண்ணீர் பாய வேண்டிய நிலப்பரப்பை, சுருக்க வேண்டும், அல்லது பம்பு வைக்க வேண்டும். அணையை முதலில் முடிவு செய்துவிட்டுக் கீழே வருகிறவர் இந்த இரண்டில் ஒன்றைக் கடைசியில் சத்தமில்லாமல் செய்வார். வரைபடத்தில் ஆயக்கட்டு இருக்கும், தண்ணீர் ஏறாது.

டிஎம்சி, கன அடி என்கிறார்களே, எளிதாகச் சொல்லுங்கள்.

1 டிஎம்சி என்பது 100 கோடி கன அடி, சுமார் 2,830 கோடி லிட்டர். வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டிஎம்சி. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை ஐந்தும் நிரம்பி வழிந்தாலும் 11.76 டிஎம்சிதான். மேட்டூர் ஒன்றே 93.47. சென்னையின் மொத்தச் சேமிப்பு மேட்டூரில் எட்டில் ஒரு பங்கு. இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

1 டிஎம்சிக்கு எத்தனை ஏக்கர் பாயும்?

துண்டுச் சீட்டும் பேனாவும் போதும். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. 1 டிஎம்சியை ஒரு அடி உயரத்துக்குப் பரப்பினால் கிட்டத்தட்ட 22,950 ஏக்கர். நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர், அதாவது 4 அடி வேண்டும். அப்படியானால் 5,700 ஏக்கர். சோளம், கம்பு போன்ற புன்செய்ப் பயிருக்கு ஒன்றரை அடி என்றால் 15,300 ஏக்கர்.

இது வயலில் வந்து விழுந்த தண்ணீருக்கான கணக்கு. நம் நாட்டுக் கால்வாய்ப் பாசனத்தில் அணையில் விட்டதில் 35, 40 சதவீதம்தான் பயிரின் வேருக்குப் போகிறது. ஆகவே அணையில் அளந்த 1 டிஎம்சிக்கு நெல் 2,300 ஏக்கர், புன்செய் 6,000 ஏக்கர் என்று எழுதிக்கொள்ளுங்கள். யாராவது 1 டிஎம்சிக்கு 10,000 ஏக்கர் நெல் என்று மேடையில் பேசினால் கைதட்டுவதற்கு முன் இந்தச் சீட்டை எடுத்துப் பாருங்கள்.

தெலுங்கு கங்கையையே எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணா வெள்ளத்தில் 29, பெண்ணாற்று வெள்ளத்தில் 30, சேர்த்து 59 டிஎம்சிக்கு 5.75 லட்சம் ஏக்கர். டிஎம்சிக்கு 9,700 ஏக்கருக்கு மேல் வருகிறது. கடலை, சோளத்தை மனதில் வைத்துத்தான் அப்படிப் பிரிக்க முடியும். அந்த ஆயக்கட்டில் தலைமடையில் பாதிப் பேர் நெல் போட்டால் வாலில் இருப்பவருக்கு என்ன மிஞ்சும்? பொறியாளர் பயிரை அனுமானித்துக் கால்வாய் வெட்டுகிறார். விவசாயி தண்ணீரைப் பார்த்துப் பயிரை மாற்றுகிறார். இந்த இடைவெளியை எந்தக் கான்கிரீட்டாலும் அடைக்க முடியாது.

பழைய ஆட்கள் வாயில் 'ஒரு கன அடிக்கு 60 ஏக்கர்' என்று ஒரு கணக்கு வரும். அதுவும் இதே சீட்டில் இருந்து வருவதுதான்: வினாடிக்கு ஒரு கன அடி ஒரு நாள் ஓடினால் 2 ஏக்கரில் ஒரு அடி நிற்கும். 120 நாள் நெல்லுக்கு 4 அடி வீதம் போட்டுப் பாருங்கள்.

ஆற்றில் அவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

சராசரி சொன்னால் எழுந்து போய்விடுங்கள். 2015 டிசம்பரில் நம் ஏரிகள் உடைத்துக்கொண்டு போகுமோ என்று பயந்தோம். 2019 ஜூனில் அதே ஏரிகளின் தரையில் மாடு நடந்தது. இரண்டுக்கும் சராசரி போட்டால் எல்லா ஆண்டும் பாதி ஏரி தண்ணீர் இருந்ததாகக் கணக்கு வரும். ஒரு ஆண்டும் அப்படி இருக்கவில்லை.

செய்ய வேண்டியது வேறு. 40 ஆண்டு வரத்தைப் பெரியதில் இருந்து சிறியதாக எழுதுங்கள். 30-ஆவது இடத்தை ஒட்டி நிற்கும் எண்தான் 75 சதவீத நம்பகம். நான்கில் மூன்று ஆண்டு அதற்குக் குறையாமல் வரும். பாசனத் திட்டங்களுக்கு வழக்கமாக இதைத்தான் எடுப்பார்கள். வறட்சிப் பகுதி என்றால் 50 சதவீதம் வரை இறங்கி வர இடம் உண்டு. பயன்-செலவு விகிதமும் சாதாரணமாக 1.5 கேட்பது, வறட்சிப் பகுதிக்கு 1 போதும் என்கிறார்கள். இரக்கத்தில் செய்த சலுகைதான், தப்பில்லை. ஆனால் 50 சதவீதம் என்றால் ஒன்று விட்டு ஒரு ஆண்டு குறையும் என்று விவசாயியிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். சொல்லி நான் பார்த்ததில்லை.

மண் பரிசோதனை அவ்வளவு முக்கியமா? தண்ணீர் வந்தால் எந்த மண்ணும் விளையாதா?

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பெரிய பெயின்ட் டப்பா ஒன்றின் அடியை வெட்டி எடுத்துவிட்டு, நாலு விரல்கடை மண்ணுக்குள் இறங்கும்படி அடியுங்கள். ஒரு ஸ்கேலை உள்ளே நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, கைக்கடிகாரத்தைப் பாருங்கள். கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் இதைக் காட்டுப்பள்ளி மணலில் செய்தேன். ஊற்றிக்கொண்டே இருந்தோம். குடம்தான் காலியானது, டப்பாவில் நிற்கவில்லை. அன்று மாலையே மீஞ்சூர்க்குப் பக்கத்தில் ஒரு நெல் வயலின் களியில் அதே டப்பாவை அடித்தோம். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது ஸ்கேலில் ஒரு கோடுகூட இறங்கியிருக்கவில்லை. ஒரு பெண், "சார், டப்பா அடி ஓட்டையாதானே இருக்கு?" என்று குனிந்து பார்த்தாள். இரண்டு இடத்துக்கும் ஒரே கால்வாய், ஒரே முறைவைப்பு (முறை வைத்துத் தண்ணீர் விடுவது) என்றால் என்ன ஆகும் என்று அதற்கப்புறம் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இறங்குகிற தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்பது அதைவிட முக்கியம். ராஜஸ்தானில் 1958-இல் தொடங்கிய இந்திரா காந்தி கால்வாய் 649 கிலோமீட்டர். ஹரிகேயில் சட்லெஜ், பியாஸ் தண்ணீரைத் தார் பாலைவனத்துக்குக் கொண்டுபோன மாபெரும் வேலை. மணல்தானே, உறிஞ்சிவிடும் என்று எண்ணத் தோன்றும். பல இடங்களில் மணலுக்குக் கீழே ஜிப்சமும் களியும் இறுகிய அடுக்கு இருந்தது. தண்ணீர் அதன்மேல் தேங்கி மேலே ஏறி, பாலைவனத்தில் சதுப்பு உண்டாகி, உப்புப் பூத்து, விளைந்த நிலம் வீணாயிற்று. ஹனுமான்கட் பக்கத்து விவசாயிக்கு முதலில் தண்ணீர் இல்லாத குறை, பிறகு தண்ணீர் வடியாத குறை.

உப்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். லிட்டருக்கு 300 மில்லிகிராம் உப்பு இருந்தால் அது நல்ல தண்ணீர், குடிக்கலாம். அதே தண்ணீரை நெல்லுக்கு 4 அடி பாய்ச்சினால் ஒரு போகத்தில் ஏக்கருக்கு ஒன்றரை டன் உப்பு வயலுக்குள் வருகிறது. மழை அதிகமான ஊரில் அது கழுவிப் போய்விடும். வறண்ட ஊரில் வடிகால் வெட்டினால்தான் போகும். திட்ட அறிக்கையில் வாய்க்காலுக்கு 200 பக்கமும் வடிகாலுக்கு 2 பக்கமும் இருந்தால் அந்த 2 பக்கத்தைப் படித்துவிட்டு மூடிவிடலாம்.

கால்வாய்க்குக் கான்கிரீட் போட்டால் இழப்பு நின்றுவிடுமே?

நிற்கும். யாருக்கு இழப்பு என்பதுதான் சண்டை.

நம் கண்டலேறு–பூண்டிக் கால்வாயில் கசிவும் கரை உடைப்பும் பெரும்பாடாக இருந்தது. 2002-க்குப் பிறகு சத்ய சாயி அறக்கட்டளை அதைச் செப்பனிட்டுக் கொடுத்த பிறகு நிலைமை மாறியது. குடிதண்ணீர்க் கால்வாய், போகிற இடம் தூரம், அங்கே கான்கிரீட் சரி.

கீழ்பவானிக் கதை வேறு. பவானிசாகர் 1955-இல் முடிந்தது, 32.8 டிஎம்சி, 200 கிலோமீட்டர் கால்வாய், 2.07 லட்சம் ஏக்கர். மண் கால்வாயில் கசிந்த தண்ணீரை நம்பி அறுபது ஆண்டாகக் கிணறும் தென்னையும் உண்டாகிவிட்டன. கான்கிரீட் போடப் போனபோது கடைமடை விவசாயிகள் போடுங்கள் என்றார்கள், கிணற்றுக்காரர்கள் போடாதே என்று மறித்தார்கள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கசிவு என்று ஏட்டில் எழுதியிருப்பது யாரோ ஒருவருடைய கிணறு. இதைப் புதுத் திட்டத்தில் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். அறுபது ஆண்டு கழித்து முடிவு செய்வது வயிற்றில் அடிப்பது.

உயரமான மேட்டு நிலத்துக்குப் பம்பு வைத்து ஏற்றலாமே?

1 டிஎம்சியை 100 மீட்டர் ஏற்ற, பம்பின் இழப்பையும் சேர்த்து, ஏறத்தாழ 1 கோடி யூனிட் மின்சாரம். நெல்லுக்கு என்றால் வயல் கணக்கிலேயே ஏக்கருக்கு 1,750 யூனிட், வழி இழப்பைச் சேர்த்தால் இரட்டிப்புக்கும் மேல். ஒவ்வொரு ஆண்டும் அந்தக் கட்டணத்தை யார் கட்டுவது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் தாராளமாக ஏற்றலாம். தெலங்கானாவின் காளேஸ்வரம் இந்தியாவிலேயே பெரிய ஏற்றுப் பாசனம். 2023 அக்டோபரில் அதன் மேடிகட்டா தடுப்பணைத் தூண்கள் அமிழ்ந்தன. கட்டுமானத்தைப் பழுதுபார்க்கலாம், மின் கட்டணம் மாதாமாதம் வரும்.

நம் மாநிலத்திலேயே கொங்குப் பக்கம் அத்திக்கடவு–அவிநாசி இருக்கிறது. 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே மிஞ்சிப் போகும் தண்ணீரில் 1.5 டிஎம்சியை ஆறு நீரேற்று நிலையங்கள் வைத்து 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் அனுப்புகிறது. வாய்க்கால் வெட்டி வயலுக்கு விடவில்லை, குளத்தை நிரப்பி நிலத்தடியைத் தேற்றுகிறது. ஆசையைச் சுருக்கிக்கொண்ட திட்டம் என்பதால் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு.

எங்க முதுகுளத்தூர்க்குக் காவிரி வந்து சேருமா தம்பி? (மளிகைக் கடை அண்ணாச்சி, வாரம் ஒரு முறை)

அண்ணாச்சி, காவிரி–வைகை–குண்டாறு இணைப்பு மாயனூரில் தொடங்குகிறது. 262 கிலோமீட்டர். 2021 பிப்ரவரியில் அடிக்கல். வெள்ளம் வரும்போது மிஞ்சுவதில் 6.3 டிஎம்சியை வினாடிக்கு 6,000 கன அடி வீதம் திருப்புவது திட்டம். வகுத்துப் பாருங்கள், கால்வாய் நிரம்ப ஓடினால் 12 நாளில் முடிந்துவிடும். வருஷத்தில் 12 நாள் ஓடுவதற்காக அவ்வளவு அகலக் கால்வாய். வெள்ளக் கால்வாயின் இயல்பே அது, தப்புச் சொல்ல முடியாது. வருகிற நாளில் பிடித்து வைக்கக் கீழே பாத்திரம் இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

உங்கள் ஊர்ப் பாத்திரம் கண்மாய். வரத்துக் கால் (தண்ணீர் வரும் வாய்க்கால்) தூர்ந்து, உள்ளே கருவேலம் மண்டி, கலுங்கு (மிகைநீர் வழியும் இடம்) உடைந்து கிடந்தால் மாயனூரில் இருந்து 12 நாள் வந்த தண்ணீர் 13-ஆவது நாள் கடலுக்குப் போய்விடும். கால்வாய்க்குக் காத்திருக்கும் காலத்தில் வரத்துக் காலை வெட்டி வையுங்கள். உங்கள் ஊருக்கு ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் வரை மழை பெய்கிறது. காவிரி வராத ஆண்டிலும் அது பெய்யும்.

தண்ணீரை யார் பங்கு வைப்பது?

பங்கு வைக்கும் வழியைக் கால்வாய் வெட்டுவதற்கு முன்பே எழுத வேண்டும். கீழ்பவானியில் ஆயக்கட்டை இரண்டாகப் பிரித்து, ஒற்றைப்படை மதகுகளுக்கு ஒரு போகம், இரட்டைப்படை மதகுகளுக்கு ஒரு போகம். ஒன்று நன்செய், மற்றது புன்செய். மறு ஆண்டு மாற்றி. பரம்பிக்குளம்–ஆழியாற்றில் நான்கு மண்டலம் வைத்து முறை. ஊர் அளவில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். மடையைத் திறந்து மூடுவது அவர் மட்டும்தான், கூலி நெல்லாக. ஊரே அவரைத் திட்டும், ஊரே அவர் சொன்னதைக் கேட்கும். 2000-ஆம் ஆண்டு சட்டத்தில் பாசன சபைகள் வந்தன. தேர்தல் நடக்கிறது. ஆனால் இரவு ஒரு மணிக்கு மண்வெட்டியோடு மடைக்குப் போகிற ஆள் யார் என்பது தேர்தலில் முடிவாவதில்லை.

எத்தனை ஆண்டு பிடிக்கும்?

கிருஷ்ணா ஒப்பந்தம் 1983 ஏப்ரல். பூண்டிக்கு முதல் தண்ணீர் 1996. ஒப்பந்தம் போட்டபோது பிறந்த குழந்தைக்கு அதற்குள் பதின்மூன்று வயது ஆகிவிட்டது.

நம் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பாசனத்துக்கு அனுப்பக் கூடாதா?

இஸ்ரேல் செய்கிறது, டெல் அவிவ் பக்கத்துக் கழிவுநீர் நெகேவ் பாலைவனத்தில் விளைகிறது. நம் கொடுங்கையூர் நிலையம் நாளுக்கு 4.5 கோடி லிட்டரை எதிர்ச் சவ்வூடு (ஆர்.ஓ.) வரை சுத்தம் செய்து மணலி ஆலைகளுக்குக் கொடுக்கிறது. ஆண்டுக்கு 0.58 டிஎம்சி. இதை வயலுக்கு அனுப்புவதைவிட ஆலைக்குக் கொடுத்து, ஆலை எடுத்துக்கொண்டிருந்த நல்ல தண்ணீரை மிச்சப்படுத்துவதே இங்கே புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம்.

காரணம் மீஞ்சூர். நகரத்துக்கும் ஆலைக்கும் என்று அந்தப் பக்கத்துக் கிணறுகளில் 1960-களில் இருந்து இறைத்தார்கள். நல்ல தண்ணீர் இறங்க இறங்கக் கடல் உள்ளே வந்தது. பாசனக் கிணறுகள் உப்பாயின. ஆலையின் தாகத்துக்குப் பாசனம் விலை கொடுத்த ஊர் அது. பிறகு 2010-இல் அதே மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனோடு.

திட்ட அறிக்கை கையில் கிடைத்தால் எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும்?

பின்னால் இருந்து புரட்டுங்கள். மதகு அட்டவணை என்று ஒன்று இருக்கும். அதில் கடைசி வரிசையில் மூன்று எண்களைப் பாருங்கள்: கடைசி மதகு இருக்கும் தூரம், அங்கே கால்வாயில் தண்ணீர் நிற்கும் மட்டம், அந்த மதகின் கீழ் உள்ள வயல்களில் மிக மேடானதன் தரைமட்டம். இரண்டாவது எண் மூன்றாவதைவிட அரை அடியாவது கூடுதலாக இருக்க வேண்டும். நான் வரைந்த ஒரு கால்வாயில் நாலு அங்குலம் குறைவாக இருந்தது. மேலதிகாரியிடம் காட்டினேன். "வண்டல் படிஞ்சா கால்வாய்த் தண்ணி மட்டம் உயரும்யா, சரியாயிடும்" என்றார். வண்டல் படிந்தது. கடைசி மூன்று மதகுகளுக்கு வெளியே இன்றும் டீசல் எஞ்சின் வைத்திருக்கிறார்கள்.